தானுந்து முகப்பு விளக்கின் கற்றைப் பழுதுகள்

தானுந்து முகப்பு விளக்கு என்பது இருளில் ஓட்டுநருக்குச் சாலையைக் காட்டவும், எதிரே வருவோருக்கு வண்டி இருப்பதை உணர்த்தவும் வண்டியின் முன்புறத்தில் பொருத்தப்படும் விளக்கு ஆகும். இவ்விளக்கு தாழ்கற்றை, நெடுங்கற்றை என இரு வகையான ஒளிக்கற்றைகளைத் தருகின்றது. பேச்சு வழக்கில் தாழ்கற்றையை டிம் என்றும், நெடுங்கற்றையை பிரைட் என்றும் கூறுவர். இவற்றுள் ஒன்றோ இரண்டுமோ எரியாமை, மங்கலாக எரிதல், தவறான திசையில் ஒளி விழுதல் ஆகியன கற்றைப் பழுதுகள் எனப்படும். எந்தப் பக்க விளக்கு, எந்தக் கற்றையில் எரியவில்லை என்பதை முதலில் குறித்துக் கொண்டால், எந்தப் பாகத்தையும் கழற்றும் முன்னரே பழுது இருக்கும் பகுதியைப் பெரும்பாலும் அறிந்து கொள்ளலாம்.

இரு கற்றைகளின் பயன்

நெடுங்கற்றை சாலைக்கு ஏறத்தாழ இணையாக நேராகச் சென்று நெடுந்தொலைவு வரை ஒளி தருகின்றது. எதிரே வண்டி இல்லாத, தெருவிளக்கு இல்லாத சாலைகளுக்கு இது ஏற்றது. தாழ்கற்றை கீழ்நோக்கிச் சாய்ந்தும், மேல் விளிம்பில் கூர்மையாக வெட்டப்பட்டும் இருப்பதால் எதிரே வருபவரின் கண்களைக் கூசச் செய்வதில்லை. மூடுபனியில் நெடுங்கற்றை நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புவதால், அவ்வேளையிலும் தாழ்கற்றையே பயன்படுத்தப்படுகின்றது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் தொலைவைக் கடக்கின்றது. ஓட்டுநர் தடையை உணர்ந்து நிறுத்தியை மிதிக்க ஒன்றரை நொடி எடுத்துக் கொண்டால், உலர்ந்த சாலையில் வண்டி முழுமையாக நிற்க மொத்தம் 70 மீட்டர் அளவு தேவைப்படும். தாழ்கற்றை தெளிவாகக் காட்டும் தொலைவு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. எனவே நெடுங்கற்றை பழுதுற்ற வண்டியை இரவில் வேகம் குறைத்தே ஓட்ட வேண்டும். ஒரு பக்க விளக்கு மட்டும் எரியும் தானுந்தை எதிரே வருபவர் இருசக்கர வண்டி எனக் கருதி, அதன் எரியாத பக்கத்தை நெருங்கி வர வாய்ப்புண்டு. ஆகையால் இது விபத்துக்கு வழி வகுக்கும் பழுதாகும்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் அசெட்டிலீன் வளிமத்திலும் எண்ணெயிலும் எரியும் விளக்குகள் பயன்பட்டன. பின்னர் மின்விளக்குகள் வந்தன. 1917 ஆம் ஆண்டில் காடிலாக் நிறுவனம், ஓட்டுநர் நெம்புகோலால் கற்றையைத் தாழ்த்தும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. 1924 ஆம் ஆண்டில் வெளிவந்த பைலக்ஸ் குமிழ், ஒரே குமிழிலிருந்து இரு கற்றைகளையும் தந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1940 முதல் வில்லை, எதிரொளிப்பான், மின்னிழை மூன்றும் ஒன்றாக மூடப்பட்ட விளக்குகள் கட்டாயமாயின. ஐரோப்பாவில் 1962 ஆம் ஆண்டில் தானுந்துக்கான முதல் ஆலசன் குமிழான எச்1 அறிமுகமாயிற்று. இரட்டை மின்னிழை கொண்ட எச்4 ஆலசன் குமிழ் 1971 ஆம் ஆண்டில் வந்தது. 1991 இல் செனான் விளக்கும், 2008 இல் எல்லாப் பணிகளுக்கும் எல்இடி ஒளியையே பயன்படுத்தும் முகப்பு விளக்கும் தானுந்துகளில் இடம் பெற்றன.

எச்4 குமிழின் அமைப்பு

எளிய தானுந்துகள் பலவற்றிலும் இருசக்கர வண்டிகள் சிலவற்றிலும் எச்4 குமிழ் பயன்படுகின்றது. 12 வோல்ட் வண்டிகளுக்கான இக்குமிழின் நெடுங்கற்றை மின்னிழை 60 வாட்டும், தாழ்கற்றை மின்னிழை 55 வாட்டும் ஆற்றல் கொண்டது.

நெடுங்கற்றை மின்னிழை, எதிரொளிப்பானின் குவியத்தில் அமைந்துள்ளது. ஆகவே அதன் ஒளி இணைகதிர்களாக வெளியேறுகின்றது. தாழ்கற்றை மின்னிழை குவியத்திற்குச் சற்று முன்னால் அமைந்துள்ளது. அதன் கீழே கிண்ணம் போன்ற சிறு உலோகத் தகடு ஒன்று உண்டு. இத்தகடு எதிரொளிப்பானின் கீழ்ப் பாதிக்கு ஒளி செல்லாமல் தடுப்பதால், மேல் பாதியில் பட்டு எதிரொளித்த கதிர்கள் மட்டும் கீழ்நோக்கிச் செல்கின்றன. குமிழ் தன் இருக்கையில் சற்றே பிசகி அமர்ந்தாலும் இவ்வமைப்பு குலைந்து, தாழ்கற்றையும் கண்ணைக் கூசச் செய்யும்.

குமிழின் பின்புறம் மூன்று முனைகள் உள்ளன. ஒன்று தாழ்கற்றைக்கும், ஒன்று நெடுங்கற்றைக்கும் உரியது. மூன்றாவது இரு மின்னிழைகளுக்கும் பொதுவானது. பெரும்பாலான வண்டிகளில் பொது முனை எர்த் எனப்படும் வண்டியின் உடற்சட்டத்துடன் இணைக்கப்படுகின்றது. சப்பானியத் தானுந்துகள் சிலவற்றில் மாறாக, பொது முனைக்கு நேர்மின் அளிக்கப்பட்டு, எர்த் பக்கம் சுவிட்சால் இணைக்கப்படும். சோதனையைத் தொடங்கும் முன் வண்டியின் மின்சுற்றுப் படத்தைப் பார்த்து இதனை உறுதி செய்தல் வேண்டும்.

மின்சுற்று

மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் பியூஸ் எனப்படும் உருகி, விளக்குச் சுவிட்ச், கற்றையை மாற்றும் டிம்மர் சுவிட்ச் ஆகியவற்றின் வழியே குமிழை அடைந்து, எர்த் வழியே திரும்புகின்றது. 12 வோல்ட்டில் 55 வாட் மின்னிழை ஒன்று ஏறத்தாழ 4.6 ஆம்பியர் எடுத்துக் கொள்ளும். இரு பக்கமும் சேர்ந்தால் 9 ஆம்பியருக்கு மேல் ஆகும். இவ்வளவு மின்னோட்டம் சுவிட்சின் வழியே சென்றால் அதன் தொடுமுனைகள் கருகும். ஆகையால் பல வண்டிகளில் ரிலே பயன்படுத்தப்படுகின்றது. சுவிட்ச் ரிலேயின் கம்பிச்சுருளை மட்டும் இயக்க, ரிலேயின் தொடுமுனைகள் பெரிய மின்னோட்டத்தைக் குமிழுக்கு அனுப்புகின்றன. பொதுவான ரிலேயில் 85, 86 என்னும் முனைகள் கம்பிச்சுருளுக்கும், 30, 87 என்னும் முனைகள் தொடுமுனைகளுக்கும் உரியன.

பழுதைப் பிரித்தறிதல்

மின்சுற்றின் சில பாகங்கள் ஒரு மின்னிழைக்கு மட்டும் உரியவை. சில ஒரு பக்க விளக்குக்கு மட்டும் உரியவை. சில இரு பக்கத்திற்கும் பொதுவானவை. எரியாதவை அனைத்திற்கும் பொதுவான பாகம் எதுவோ, அதிலேயே பழுதை முதலில் தேட வேண்டும்.

1. ஒரு பக்கத்தில் ஒரு கற்றை மட்டும் எரியாமை: அந்த மின்னிழை அறுந்திருப்பதே பெரும்பாலும் காரணம். குமிழ் நன்றாக இருந்தால், இணைப்பியில் அந்த முனை கருகியிருக்கலாம். ஒவ்வொரு மின்னிழைக்கும் தனி உருகி உள்ள வண்டிகளில் அவ்வுருகி எரிந்திருக்கலாம்.

2. ஒரு பக்கத்தில் இரு கற்றைகளும் எரியாமை: அப்பக்கத்தின் பொது முனை, எர்த் இணைப்பு, கழன்ற இணைப்பி, அப்பக்கத்து உருகி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு மின்னிழை முன்னரே அறுந்து கவனிக்கப்படாமல் இருந்து, மற்றொன்று இப்போது அறுந்திருக்கவும் கூடும்.

3. இரு பக்கத்திலும் ஒரே கற்றை எரியாமை: டிம்மர் சுவிட்ச், அக்கற்றைக்குரிய ரிலே, பொது உருகி, இவற்றை இணைக்கும் கம்பி ஆகியவற்றில் பழுது இருக்கலாம். ஆயினும் தாழ்கற்றையே மிகுதியாகப் பயன்படுவதால், ஒரே நாளில் பொருத்தப்பட்ட இரு குமிழ்களின் தாழ்கற்றை மின்னிழைகளும் அடுத்தடுத்து அறுவது உண்டு. எனவே சுவிட்சைக் கழற்றும் முன் இரு குமிழ்களையும் சோதிப்பது நன்று.

4. இரு பக்கத்திலும் இரு கற்றைகளும் எரியாமை: முதன்மை உருகி, விளக்குச் சுவிட்ச், அதற்கு வரும் கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் தொடங்குகிறது, ஒலிப்பான் ஒலிக்கிறது என்றால் மின்கலம் காரணமன்று.

எர்த் இணைப்புப் பழுதின் அடையாளம்

தாழ்கற்றையைப் போட்டதும் ஒரு பக்கத்தில் இரு மின்னிழைகளும் மங்கலாக எரிவதும், பலகையில் உள்ள நெடுங்கற்றையின் நீலக் குறிவிளக்கு மெல்ல ஒளிர்வதும் சில வேளைகளில் காணப்படும். இது பலரைக் குழப்பிச் சுவிட்சை மாற்றச் செய்கின்றது. உண்மையில் அப்பக்கத்தின் எர்த் இணைப்பு அறுந்திருப்பதே காரணம் ஆகும்.

எர்த் இல்லாததால், தாழ்கற்றை மின்னிழைக்குள் வந்த மின்னோட்டம் பொது முனையிலிருந்து வெளியேற வழியின்றி நெடுங்கற்றை மின்னிழைக்குள் புகுகின்றது. அங்கிருந்து நெடுங்கற்றைக் கம்பியின் வழியே மறுபக்க விளக்கின் நெடுங்கற்றை மின்னிழையை அடைந்து, அதன் எர்த் வழியே திரும்புகின்றது. இவ்வாறு மூன்று மின்னிழைகள் தொடராக இணைந்து 12 வோல்ட்டைப் பங்கிட்டுக் கொள்வதால் அனைத்தும் மங்கலாக எரிகின்றன. அதே கம்பியில் இணைந்துள்ள குறிவிளக்கும் ஒளிர்கின்றது. எர்த் கம்பியின் திருகைக் கழற்றி, துருவையும் வண்ணப்பூச்சையும் சுரண்டி, இறுக்கிப் பொருத்தினால் இப்பழுது நீங்கும்.

ஒளி மங்குதல்

ஆலசன் குமிழின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறைகின்றது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். துருப்பிடித்த இணைப்பு ஒன்றில் 0.2 ஓம் மின்தடை இருந்தாலே 55 வாட் குமிழுக்கு ஏறத்தாழ 0.9 வோல்ட் இழப்பு ஏற்படுகின்றது. புதுக்குமிழ் போட்டும் ஒளி கூடாத வண்டிகளில் இத்தகைய இழப்பே பெரும்பாலும் காரணம். எதிரொளிப்பானின் பூச்சு மங்குதல், நெகிழி வில்லை புற ஊதாக் கதிர்களால் மஞ்சளாதல் ஆகியனவும் ஒளியைக் குறைக்கும். மாறாக, மின்னேற்ற மின்னழுத்தம் 15 வோல்ட்டுக்கு மேல் சென்றால் ஒளி கூடினாலும் குமிழ்கள் அடிக்கடி அறுந்து போகும். அப்போது ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தச் சீராக்கியைச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை

முதலில் குமிழைக் கண்ணால் பார்க்க வேண்டும். அறுந்த மின்னிழையும், கருமை படிந்த கண்ணாடியும் எளிதில் தெரியும். ஐயமிருப்பின் நல்ல பக்கத்துக் குமிழை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பழுது குமிழுடன் இடம் மாறினால் குமிழே காரணம். அதே பக்கத்தில் நின்றால் கம்பியே காரணம். அதே எண்ணுள்ள வேறு ரிலே வண்டியில் இருந்தால், அதனையும் இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். ரிலே சொடுக்கொலி எழுப்புவதால் மட்டும் அதன் தொடுமுனைகள் நன்றாக உள்ளன எனக் கொள்ள இயலாது.

மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளக்கும்போது குமிழ் எரியும் நிலையிலேயே அளக்க வேண்டும். குமிழைக் கழற்றி அளந்தால், பெரும்பாலான இழைகள் அறுந்து ஓரிழை மட்டும் எஞ்சியுள்ள கம்பியும் 12 வோல்ட் காட்டும். குமிழ் எரியும்போது மின்கலத்தின் எதிர்முனைக்கும் குமிழின் எர்த் முனைக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு சரியில்லை. அவ்வாறே மின்கலத்தின் நேர்முனைக்கும் எரியும் மின்னிழையின் நேர்முனைக்கும் இடையே அளந்து, வரும் வழியில் உள்ள இழப்பை அறியலாம்.

உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால் கம்பி எங்கோ உடற்சட்டத்தில் உரசிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது எனலாம். அதைவிடப் பெரிய உருகியையோ, கம்பித் துண்டையோ அவ்விடத்தில் போடுதல் தீ விபத்துக்கு இட்டுச் செல்லும்.

குமிழ் மாற்றுதல்

விளக்கை அணைத்துக் குமிழ் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். ஆலசன் குமிழின் கண்ணாடியை விரலால் தொடுதல் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறிக் குமிழ் வெடிக்கக் கூடும். தொட்டுவிட்டால் சாராவி நனைத்த தூய துணியால் துடைக்கலாம். 100/90 வாட் குமிழ்களைப் பொருத்தினால் மின்னோட்டம் 8 ஆம்பியருக்கு மேல் உயர்ந்து, 60/55 வாட்டுக்கு அமைந்த கம்பியும் இணைப்பியும் உருகலாம். ஆலசன் விளக்கில் எல்இடி குமிழைச் செருகினால், ஒளி பிறக்கும் இடம் மாறுபடுவதால் கற்றை சிதறி எதிரே வருவோருக்குக் கண்கூச்சம் ஏற்படலாம்.

பிற வகை விளக்குகள்

எச்7 போன்ற ஒற்றை மின்னிழைக் குமிழ்கள் உள்ள வண்டிகளில் ஒவ்வொரு கற்றைக்கும் தனிக்குமிழ் உண்டு. இரு கற்றைகளையும் ஒரே செனான் விளக்கால் தரும் அமைப்பில், மின்காந்தத்தால் நகரும் தகடு ஒன்று கற்றையை மாற்றுகின்றது. இதில் தாழ்கற்றை எரிந்து நெடுங்கற்றை மட்டும் வராவிட்டால் குமிழ் காரணமன்று. தகடோ அதன் மின்காந்தமோ காரணமாகும். செனான் விளக்கைத் தொடங்க 20,000 வோல்ட் அளவிலான மின்துடிப்பு தேவைப்படுவதால், பயிற்சி இல்லாதோர் அதனைத் திறத்தல் உயிருக்கு ஆபத்தானது. எல்இடி விளக்குகளைப் பெரும்பாலும் கணினி அலகுகள் கட்டுப்படுத்துவதால், அவற்றின் பழுதைக் குறியீட்டுப் படிப்பான் கொண்டே அறிய வேண்டியிருக்கும்.

கற்றையின் உயரத்தைச் சரிபார்த்தல்

குமிழ் மாற்றிய பின்னரும், முன்புறம் மோதிச் சீர்செய்த பின்னரும் கற்றையின் உயரத்தைச் சரிபார்த்தல் வேண்டும். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தித் தாழ்கற்றையைப் போட வேண்டும். சாய்வு 1 விழுக்காடு எனக் குறிக்கப்பட்ட விளக்கில், ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் மைய உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வாக விழும். இந்தியா, இலங்கை போன்ற இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குரிய விளக்கில் அவ்விளிம்பு இடப்பக்கம் மேல்நோக்கி ஏறி, சாலையோரத்தில் நடப்பவரைக் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கை இங்குப் பொருத்தினால் அவ்வொளி எதிரே வருபவரின் கண்ணில் விழும்.