5.1 ஒலியமைப்பு: "புள்ளி ஒன்றின்" வரலாறு

5.1 ஒலியமைப்பில் ஐந்து முழு ஒலித்தடங்களும், ஏறக்குறைய 120 ஹெர்ட்சு வரையுள்ள தாழ்வொலியை மட்டும் தாங்கும் ஒரு தடமும் உள்ளன. கேட்கும் ஒலிப்பரப்பில் அதன் பங்கு மிகச் சிறியது என்பதால் "புள்ளி ஒன்று" எனப்பட்டது.

இத்தடம் எண்ணிமக் காலத்தில் பிறந்ததன்று. 70 மி.மீ. படச்சுருளில் ஆறு காந்த ஒலித்தடங்கள் இருந்தன. ஐந்து திரைக்குப் பின்னுள்ள ஒலிபெருக்கிகளுக்கு, ஒன்று அரங்கின் சுற்றொலிக்கு. திரையின் நடுப்பெட்டிக்கு இருபுறமும் இருந்த இரண்டுக்கு 1970களில் பெரிதாக வேலையில்லை. 1977-இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தின் 70 மி.மீ. பிரதிகளில் அவ்விரண்டும் தாழ்வொலிக்கு ஒதுக்கப்பட்டன. சும்மா கிடந்த பெட்டிகளுக்கு வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான்! 1979-இல் அபோகலிப்ஸ் நவ் படத்தில் சுற்றொலியும் இடம், வலம் எனப் பிரிந்தது.

1992-இல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்துடன் டால்பி டிஜிட்டல் வந்தது. 35 மி.மீ. படச்சுருளின் ஓரத்துளைகளுக்கு இடையே அச்சிட்ட தரவைப் படித்து, ஆறு தடங்களாகப் பிரித்து அனுப்புவது செயலியின் பணியாயிற்று.

வீட்டிலுள்ள செயலிக்கு மற்றொரு பணியும் உண்டு. சிறிய ஒலிபெருக்கிகளால் எழுப்ப இயலாத தாழ்வொலியை, பெரும்பாலும் 80 ஹெர்ட்சுக்குக் கீழே, ஐந்து தடங்களிலிருந்தும் பிரித்து சப்வூஃபருக்குத் திருப்புகிறது. "புள்ளி ஒன்று" என்பதே சப்வூஃபர் எனப் பலரும் கொள்வது இதனால் பிழையாகிறது. அத்தடம் வெறுமையாக உள்ள படத்திலும் சப்வூஃபர் அதிரும்.