பர்மாவில் கரேன் போதகர்கள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பௌத்தம் வேரூன்றிய பர்மாவுக்கு, அதாவது இன்றைய மியன்மாருக்கு, அதோனிராம் ஜட்சன் 1813-இல் நம் சென்னையிலிருந்தே கப்பலேறினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-இல்தான். பர்மிய மொழியில் திருமறையை 1834-இல் மொழிபெயர்த்து முடித்த அவரை மையமாக வைத்தே அந்நாட்டுத் திருச்சபை வரலாறு பெரும்பாலும் எழுதப்படுகிறது. அது தகும். ஆயினும் ஊர் ஊராய்ச் சபைகளை நாட்டியவர்கள் வேறொரு கூட்டத்தார்.

அவர்களுள் முதல்வர் கோ தா பியூ. கொள்ளையும் கொலையும் புரிந்து, பின்பு கடனுக்காக அடிமைப்பட்டுக் கிடந்த இக்கரேனியர், 1828 மே மாதம் தாவோயில் ஜார்ஜ் போர்டுமனிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1840-இல் மரிக்கும்வரை அவர் காடுமலைகளில் அலைந்து தம் இனத்தாரைத் தேடிச் சென்றார். இறையியல் கல்லூரி எதுவும் அவரை உருவாக்கவில்லை. (நம் சேர்க்கைக் குழுக்கள் அவருக்கு இடமளித்திருக்குமா என்பது ஐயமே!)

முறையான பயிற்சி எலிஷா அபட்டின் காலத்தில் உருப்பெற்றது. பசெயின் பகுதி அப்போது பர்மிய அரசனின் ஆட்சியில் இருந்தது. அங்கு விசுவாசிகள் துன்புறுத்தப்பட்டனர். எனவே அபட் 1840-இல் ஆங்கிலேயர் வசமிருந்த அரக்கானின் சாண்டோவேயில் தங்கினார். பசெயின் கரேனியர் மலைத்தொடரைக் கடந்து அவரிடம் வந்து, கற்றுத் தங்கள் கிராமங்களுக்குத் திரும்பினர். மிஷனெரி நுழையக் கூடாத நாட்டில் சபையைப் பேணும் பொறுப்பு அவர்கள்மீதே விழுந்தது. சபை முதலில் எழும்பியது. பயிற்சி அதைப் பின்தொடர்ந்தது. 1843-இல் மியாட் கியாவ், டுவே போ என்னும் இருவரை அபட் போதகர்களாக அபிஷேகம் செய்தார். சிறிது காலத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவர்கள் கைகளால் ஞானஸ்நானம் பெற்றனர். சம்பளத்தைப் பொறுத்தவரையிலும் அபட் உறுதியாயிருந்தார். வெளிநாட்டுப் பணத்தால் வாழும் போதகர் சபைக்கு அந்நியராவார் என்பது அவர் கருத்து. அந்நூற்றாண்டின் நடுவிலேயே பசெயின் சபைகள், தாங்கள் ஏழைகளாயிருந்தும், தங்கள் விளைச்சலைக்கொண்டு போதகர்களைத் தாங்கத் தொடங்கின. 1870-களின் இறுதியில் கச்சின் மலைநாட்டுக்கும் தங்கள் ஊழியர்களை அனுப்பின.

இதற்கிடையே 1845-இல் ஜே. ஜி. பின்னி மோல்மேனில் கரேன் இறையியல் பள்ளியைத் தொடங்கினார். ஜோனத்தான் வேட் பர்மிய எழுத்துகளைத் தழுவிக் கரேன் மொழிக்கு வரிவடிவம் அமைத்திருந்ததால், தாய்மொழியிலேயே பாடம் நடத்த இயன்றது. 1966-இல் அரசு அயல்நாட்டு மிஷனெரிகளை வெளியேற்றியபோது சபைகள் சிதறாமல் நின்றதற்கு, இந்த நெடுங்காலப் பயிற்சி முக்கிய காரணம் என்பேன்.

ஆனால் இச்சாதனையின் எல்லையையும் கூற வேண்டும். கரேனியர், கச்சினியர், சின் மக்கள் ஆகியோரிடையே சபை செழித்தது. பர்மியரிடையே அவ்வாறு செழிக்கவில்லை. 2014-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர். பௌத்தரோ 88 பேர். பர்மியராயிருப்பதும் பௌத்தராயிருப்பதும் ஒன்றே என எண்ணும் மக்களிடம், ஆங்கிலேயரோடு நெருங்கியிருந்த சிறுபான்மை இனத்தின் போதகர் சென்று பேசுவது எளிதன்று. பயிற்சியின் அமைப்பும் இப்பிளவைக் குறைக்கவில்லை. இன்செயினில் கரேனியருக்கு ஒரு பள்ளியும் பர்மியருக்கு வேறொரு பள்ளியும் இருந்தன. பல இனத்தவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கும் இறையியல் பள்ளி அங்கு 1927-இல் தோன்றியபோது, அதன் பயிற்றுமொழி ஆங்கிலமாயிருந்தது.