கணக்கில் ஏறாத ஈயக்குண்டு

முத்துக்குளித்துறையின் பழைய காகிதங்களைப் புரட்டுகிறவருக்கு, இந்தக் கரையில் மீன் பிடிக்கவே ஆளில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று துறைகளின் பெயர்கள் வரிசையாக வரும். 1542இல் வந்த சவேரியார் வருவார். 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்த டச்சுக்காரர் வருவார்கள். எங்கு பார்த்தாலும் முத்து, அதை விட்டால் சங்கு. வைப்பாறு கடலைத் தொடும் இடத்தில் கீழவைப்பாரும், பெயரிலேயே சிப்பியைச் சுமக்கும் சிப்பிகுளமும் இருக்கின்றன. அங்கே மாலையில் கரையில் நின்று குழம்புக்கு மீன் பிடித்தவரைப் பற்றி ஒரு வரி கிடைப்பது அரிது.

காரணம் எளியது. முத்தில் அரசுக்குப் பங்கு இருந்தது, தூண்டிலில் இல்லை.

முத்துக்குளிப்பவர் சுமார் 15 கிலோ எடையுள்ள கல்லோடு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். கால் தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார், மேலே தோணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடத்தையொட்டிய மூச்சுக்குள் சிப்பிகளைக் கூடையில் அள்ள வேண்டும். யாருக்காக எத்தனை ஆள் குளிக்கலாம் என்ற உரிமையைக் கல்லாகவே எண்ணினார்கள். டச்சுக்காரர் காலத்துக் கணக்கில் மதுரை நாயக்கருக்கு 96½ கல். அரைக் கல்லைக்கூட விட்டுவைக்காத கணக்கு அது! அதே கடலில், சிப்பி படியும் அதே கடலடிப் பாறைத்திட்டுகளின், அதாவது பார்களின், மேல் தூண்டில்காரரும் கயிற்றில் எடை கட்டி இறக்கினார். அந்த எடையை எண்ண எந்த அரண்மனையிலிருந்தும் கணக்குப்பிள்ளை வரவில்லை.

ஆகவே தூண்டிலின் வரலாற்றை வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. குறுந்தொகையின் 54ஆம் பாடல் ஓர் இடம். யானை வளைத்துவிட்ட பச்சை மூங்கில் விருட்டென்று நிமிர்வதற்கு, மீன் கடித்ததும் மேலெழும் தூண்டிலை உவமை சொல்கிறது அது. அந்த உவமையாலேயே அதைப் பாடியவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர். மலைநிலமான குறிஞ்சியின் பாட்டைக் கேட்பவருக்கும் கோல் வளைந்து நிமிர்வது தெரிந்திருந்தது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய செய்தி.

இன்னொரு தடயம் தரங்கம்பாடியிலிருந்து கிடைக்கிறது. அங்கே இருந்த மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லினுக்கு, மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவந்தார். கழிமுகங்களிலும் பாறை ஓரங்களிலும் திரியும் செப்பிலி வகை ஒன்றுக்கு 1792இல் பிளாக் ஜானின் பெயரையே சூட்டினார். இன்றும் அறிவியல் பெயர் லுட்ஜானஸ் ஜானி. கொடுவாய் மீனுக்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவரும் இதே பிளாக்தான், 1790இல். ஜாடியில் போன மீனுக்குப் பெயர் கிடைத்தது. பிடித்துக் கொடுத்தவர் யார் என்று கேட்பது அக்காலத்து வழக்கமில்லை.

வெள்ளைக்காரர்கள் தூண்டிலைப் பற்றி எழுதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மதராஸ் ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றித் தடித்த புத்தகமே போட்டார். ஆனால் அது துரைமார் பொழுதுபோக்கின் நூல். உழைப்பாகப் பார்த்து எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல். முத்துச் சிப்பியையும் சங்கையும் கவனிக்க வந்த அதிகாரியான அவர், 1920களில் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகள் பற்றித் தனி அறிக்கை எழுதினார். வருவாய்க்காக வந்தவர் கண்ணிலாவது வருவாய் இல்லாத தொழிலும் பட்டதே!

இனி தலைப்பில் சொன்ன ஈயக்குண்டுக்கு வருவோம். இன்று உலகமெங்கும் தூண்டில் பிரியர்கள் ‘டிராப் ஷாட்’ என்று ஒரு முறையைக் கொண்டாடுகிறார்கள். எடை நரம்பின் நுனியில் இருக்கும், முள் அதற்கு ஒன்றிரண்டு சாண் மேலே. எடை தரையில் உட்கார்ந்துவிட, இரை சேற்றில் புதையாமல் மீனின் கண்மட்டத்தில் மிதந்து ஆடும். முள்ளுக்கும் கைக்கும் நடுவே எடை கிடையாது, அதனால் மீன் முகர்ந்தாலே விரலுக்குத் தெரியும். அமெரிக்க ‘பாஸ்’ மீன் 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்டது. அந்த மீனுக்காக ஜப்பானியர் மெருகேற்றிய இந்த முறை 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் போட்டிகளில் புகழ் பெற்றது. பிறகு ஐரோப்பியக் கரைகளில் கடல் பாஸுக்கும் பயன்பட்டது.

நுனியில் எடை, மேலே முள் என்ற கட்டு மட்டும் புதிதல்ல. பாரின் மேல் களவாயும் விளமீனும் செப்பிலியும் பிடிக்கக் கைத்தூண்டில் இறக்குகிறவர்களுக்கு இது பழகிய கட்டு. அடியில் கல்லும் பவளமும் கிடக்கும் கடலில் முள்ளை அடிவரை விட்டால் சிக்கிக்கொள்ளும். புதிது என்றால், மெல்லிய நரம்பு, இலேசான கோல், ரப்பர் இரை, பிறகு மணிக்கட்டை இலேசாக நடுக்கும் அந்தப் பொறுமை. கூலிக்குப் பிடிப்பவருக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

பாஸுக்கு நம் கடலில் நிகர் கொடுவாய்தான். ஆங்கிலத்தில் அதற்கு ஆசியக் கடல் பாஸ் என்றே பெயர். முதலில் ஆணாக வளர்ந்து, பெருத்தபின் பெண்ணாக மாறும் மீன். உப்பு கூடிய முகத்துவாரத்தில் முட்டையிடும், குஞ்சுகள் கழிக்குள் ஏறி வளரும். வைப்பாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து மணல்திட்டை உடைத்தால் மடவையும் இறாலும் கலங்கல் நீரோடு வெளியே வரும். கொடுவாய் வாயைத் திறந்து காத்திருக்கும் பருவம் அது, கரையில் நிற்பவருக்கும் அதுவே பருவம்.

பருத்தி நூலை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, உலர்த்தி, அழுகாமல் காத்த காலம் நைலான் வந்ததும் முடிந்தது. இந்தத் தொழிலின் மிகப் பெரிய மாற்றம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீரில் தெரியாத தங்கூசி நரம்பு முழம் போட்டு வாங்கும் விலைக்கு வந்தபோது, வலையும் வள்ளமும் இல்லாதவர்கூடக் கொடுவாய்க்கு ஆசைப்பட முடிந்தது.

முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. கீழவைப்பாருக்குப் பக்கத்து வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973இல் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. முதலில் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுக்குத் தடை, இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாள் இனப்பெருக்க காலத் தடை. கொடுவாயும் ஒருவழியாகக் கணக்கில் ஏறிவிட்டது: 1997இல் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் அதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கிய பிறகு, அது குஞ்சு எண்ணி விற்கும் பண்ணைச் சரக்கு. சட்டம் பதிவு கேட்பது படகுக்கு. முகத்துவாரத்து மணலில் நின்று ஈயத்தைச் சுழற்றி வீசுகிறவரிடம் காட்டுவதற்குப் படகும் இல்லை, பதிவெண்ணும் இல்லை.