இரணவைத்தியம் தந்த ஆசான்

சாரல் பருவம் பிறந்துவிட்டால் தென்காசிச் சாலையில் கூட்டம் அலைமோதும். குற்றாலத்துப் பேரருவியில் நனைந்தால் பித்தம் தெளியும் என்று நம்பி வருவோர் ஒருபுறம். கோடைக் களைப்பு நீங்கக் குளித்துக் களித்துச் செல்வோர் மறுபுறம். களிப்பவரை நாம் குறை கூறவில்லை. குளிர்ந்த நீர் உடலுக்கு இன்பம் தரும், அது இயற்கை. ஆனால், சித்தம் கலங்கிய மகனை மருத்துவரிடம் காட்டாமல் அருவியின் கீழ் இழுத்து நிறுத்தும் தாயை எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறதன்றோ?

அவளை ஏசிப் பயன் என்ன? “அகத்தியர் வாழ்ந்த மலை, மூலிகை கலந்த நீர், தீராத நோயும் தீரும்” என்று யாரோ சொன்னார்கள், நம்பினாள். மடமை அவளிடம் தமிழில் பேசிற்று. மருத்துவமோ, மகனின் நோயை அவள் அறியாத மொழியில் எழுதிக் கையில் கொடுத்தது. புரிந்ததை நம்பினாள், புரியாததைக் கண்டு அஞ்சினாள். அறிவு மக்கள் மொழியில் வாராத வரையில் மடமைக்கே வெற்றி. இதை உணர்ந்து உழைத்த மருத்துவர்கள் உலகில் உண்டு. அவர்களுள் இருவரை இங்கே நினைவுகூர்வோம்.

முதல்வர் பிரான்சு நாட்டவர், அம்புருவாசு பாரே. பதினாறாம் நூற்றாண்டில், நாவிதர் கடையில் தொழில் பயின்று வளர்ந்தவர். அந்நாளில் இலத்தீன் கற்ற மருத்துவர்கள் நோயாளியின் புண்ணைத் தொடமாட்டார்கள். ஏட்டைப் புரட்டி ஆணையிடுவார்கள். அறுப்பதும் கட்டுவதும் நாவிதரின் ‘இழிந்த’ வேலை! துப்பாக்கிக் குண்டு துளைத்த புண்ணில் நஞ்சு தங்கும், ஆகவே கொதிக்கும் எண்ணெயை ஊற்றிச் சுடவேண்டும் என்பது பெரியோர் ஏடு வகுத்த விதி. 1537-இல் போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. பாரே முட்டை மஞ்சட்கருவும் ரோசா எண்ணெயும் டர்ப்பன்டைனும் கலந்து எஞ்சியோரின் புண்களுக்கு இட்டார். இரவெல்லாம் உறங்கவில்லை. விடிந்ததும் ஓடிச்சென்று பார்த்தார். சுடப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடித்துக் கிடந்தனர். சுடப்படாதவர்கள் அமைதியாக உறங்கி எழுந்தனர். ஏடு சொன்னது பொய். கண் கண்டது மெய்! அந்த மெய்யை 1545-இல் நூலாக எழுதினார், இலத்தீனில் அல்ல, தம் மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியில். 1575-இல் அவருடைய நூல்கள் அனைத்தும் ஒரே தொகுப்பாக வெளிவந்தபோது பாரிசு நகரத்து மருத்துவப் பெருமக்கள் வெகுண்டெழுந்தனர். நான்கு மன்னர்களுக்கு அறுவை மருத்துவராக இருந்தும் இலத்தீன் அறியாதவர் என்ற ஏளனம் அவரை விடவில்லை.

இது நமக்குப் புதிய கதையா? நம் ஊர்களிலும் நாவிதருக்கு ‘மருத்துவர்’ என்றே பெயர். கட்டி கீறியவரும் காயம் கட்டியவரும் அவரே. பிள்ளைப்பேறு பார்த்தவள் அவர் வீட்டு மருத்துவச்சி. அவளைத் தொடத் தயங்கியவர்கள் அவள் கையில்தானே பிறந்தார்கள்! தொழில் தெரிந்த கையைத் தாழ்வென்றும், மக்களுக்குப் புரியாத மொழியை உயர்வென்றும் கொண்ட கொடுமை எங்கும் ஒன்றே.

பிரான்சில் பாரே செய்ததைத் தமிழில் எவரேனும் செய்ததுண்டா? உண்டு. கடல் கடந்து யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குச் செல்லவேண்டும். அங்கே உழைத்தவர்தாம் நாம் நினைவுகூரும் இரண்டாமவர், சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822-இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் பிறந்து மருத்துவம் கற்ற அவர், 1847-இல் அமெரிக்க மிசனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தபோது வயது இருபத்தைந்து. மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவமும் மருத்துவக் கல்வியும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். நடந்தது என்ன? ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க வேலையையும் கூடுதல் ஊதியத்தையும் நாடி வெளியூர்களுக்குப் போயினர். நோயுற்ற சிற்றூர் இருந்த நிலையிலேயே இருந்தது. தமிழில் கற்றவன்தான் தமிழ் ஊரில் தங்குவான் என்று கண்டார். 1862-இல் விடுமுறை கழிந்து திரும்பியபின், கற்பிக்கும் மொழியையே தமிழாக மாற்றினார். அவரிடம் தேறிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழிலேயே மருத்துவம் பயின்றவர்கள்!

“நூல் எங்கே? சொல் எங்கே?” என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். கிறீன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்கவில்லை. 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867-இல் ‘இரணவைத்தியம்’ என்னும் அறுவை மருத்துவ நூல், 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’, 1883-இல் ‘மனுஷ சுகரணம்’ என நூல்கள் வரிசையாய் வந்தன. 4,000 பக்கங்களுக்கு மேல் தமிழில் மேனாட்டு மருத்துவம்! தாமே எழுதினார், மாணவரையும் மொழிபெயர்க்கப் பழக்கினார். சாப்மன், டான்போர்த், பால், சுவாமிநாதன் ஆகியோர் அப்பணியில் தோள் கொடுத்த தமிழர்கள். 1873-இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னும் கிறீனின் தமிழ்ப்பணி நிற்கவில்லை. 1884-இல் மறைந்தார்.

அந்நூற்பெயர்களில் வடமொழி மிகுந்திருப்பதை நாம் காணாமலில்லை. தமிழ்ச் சொல்லை முதலில் தேடுவது, கிடைக்காவிடில் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கொண்ட முறை. அன்றைய தமிழ்ப் புலமை அவருக்குக் கொடுத்த கலவை அது. இன்று இரணவைத்தியம் அறுவை மருத்துவமாகிவிட்டது. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. கெமிஸ்தம் வேதியியல் ஆயிற்று. பாதையைத் திருத்துவது எளிது. பாதையே இல்லாத காட்டில் முதலடி வைப்பதன்றோ அரிது!

அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அவர் நம்பிய கடவுளை நாம் ஏற்கவில்லை. ஆனால், அவர் எழுதிய நூலில் எலும்பு எலும்பாகவே இருந்தது. குருதி எல்லா மனிதருக்கும் ஒரே குருதியாகவே ஓடிற்று. நாலு வருணத்துக்கு நாலு நாளம் என்று அவர் எழுதவில்லை! அந்த உண்மையைத் தமிழில் படித்தவன், பிறப்பில் உயர்வு தாழ்வு பேசுவோனைக் கண்டு நகைக்காமல் என் செய்வான்?

பிறகு என்ன ஆயிற்று? கிறீன் சென்றபின் அந்தத் தமிழ்ப்பள்ளி தளர்ந்தது. 1870-இல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளியில் ஆங்கிலமே பாடமொழி. சென்னையிலோ 1835-இல் பள்ளியாகப் பிறந்து 1850-இல் கல்லூரியாக உயர்ந்த மருத்துவக் கூடத்தில் ஆங்கிலம் அரியணை ஏறியது, இறங்கவே இல்லை. 2010-இல் பொறியியலின் சில பிரிவுகளுக்குத் தமிழகத்தில் தமிழ்வழி திறந்தது. மருத்துவப் பட்டப்படிப்போ இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கர் முடியும் என்று காட்டியதை, தமிழர் நாம் முடியாது என்கிறோம். வெட்கம் யாருக்கு?

ஆங்கிலத்தை வெறுக்கச் சொல்லவில்லை. உலக அறிவுக்கு அது சாளரம், திறந்தே இருக்கட்டும். ஆனால், சாளரம் வழியாக வீட்டினுள் நுழைய எல்லோராலும் இயலுமா? வாசல் வேண்டும். அந்த வாசல்தான் தாய்மொழி.

தென்காசிப் பக்கத்து இளைஞர்களே! அருவிக்கரையில் மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பேசுங்கள், அது தேவை. அதனினும் தேவையானது ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒரு மாலை, பாம்புக் கடிக்கு என்ன செய்வது, பேறுகாலத்தில் எதற்கு அஞ்சவேண்டும், மனநோய் என்பது என்ன என்று மருத்துவம் கற்ற தோழரை அழைத்துத் தமிழில் பேசச் செய்யுங்கள். பேசியதைச் சிறு வெளியீடாக்கி வீடுதோறும் கொடுங்கள்.

அருவியில் மகனை நிறுத்திய அந்தத் தாயிடம் “உன் நம்பிக்கை பொய்” என்று சொன்னால் மட்டும் போதாது. “உண்மை இது” என்று அவள் மொழியில் சொல்லவும் வேண்டும். பாரே சொன்னார், கிறீன் சொன்னார். நாம் எப்போது சொல்லப் போகிறோம்?