‘ஆள்’ என்னும் சொல்லின் எல்லை: கொர்னீலியா சொராப்ஜியின் வழக்கறிஞர் வாழ்வு

1. முன்னுரை

சட்ட வாசகத்தில் வரும் ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் முடிவு செய்வதில்லை. அச்சொல்லை யார் படிக்கின்றனர், எச்சூழலில் படிக்கின்றனர், எத்தகைய முன்கருத்தோடு படிக்கின்றனர் என்பனவும் அதன் பொருளை வரையறுக்கின்றன. ஆங்கிலச் சட்டங்களில் வழங்கும் ‘பர்சன்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். தமிழில் இதனை ‘ஆள்’, ‘நபர்’, ‘ஒருவர்’ என மொழிபெயர்க்கிறோம். மேலோட்டமாக நோக்கின் ஐயத்திற்கு இடமில்லாத சொல் இது. ஆயினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், பெண் இச்சொல்லுள் அடங்குவாளா என்பது பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் நீதிமன்றங்களில் வழக்காடப்பட்ட வினாவாக இருந்தது.

இவ்வினாவின் இரு பக்கங்களையும் தம் வாழ்வில் கண்டவர் கொர்னீலியா சொராப்ஜி (1866–1954). இச்சொல் அவருக்கு ஒருமுறை நீதிமன்றக் கதவைத் திறந்துவிட்டது. பின்னர் இதே சொல் அவர் தலைமுறைப் பெண்களுக்குக் கதவை அடைக்கவும் பயன்பட்டது. அவரது பணிவாழ்வை இச்சொல்லின் வரலாற்றோடு இணைத்து நோக்கி, சட்ட மொழிபெயர்ப்புக்கு அதிலிருந்து பெறத்தக்க கருத்துகளை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கல்வி

கொர்னீலியா சொராப்ஜி 1866 நவம்பர் 15 அன்று நாசிக்கில் பிறந்தார். தந்தையார் பார்சி சமயத்திலிருந்து கிறித்தவத்தைத் தழுவிய போதகர். தாயார் புனேயில் பள்ளிகளை நிறுவி நடத்தியவர். புனே தக்காணக் கல்லூரியில் பயின்ற கொர்னீலியா, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண்ணாவார். 1887ஆம் ஆண்டு இறுதித் தேர்வில் அவர் பெற்ற தகுதி, இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படிப்பதற்கான அரசு உதவித்தொகைக்கு உரியது. பெண் என்ற காரணத்தால் அத்தொகை அவருக்கு வழங்கப்படவில்லை. அதன்பின் அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணாக்கர்க்கு ஆங்கிலம் கற்பித்தார்.

இங்கிலாந்தில் அவருக்காக நன்கொடை திரட்டியோருள் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1889இல் ஆக்ஸ்போர்டு சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். 1892இல் பல்கலைக்கழகம் தனி ஆணை பிறப்பித்தபின் பி.சி.எல். என்னும் சட்டத் தேர்வை எழுதித் தேறினார். அங்கு அத்தேர்வை எழுதிய முதல் பெண் இவரே. ஆனால் பட்டம் வழங்கப்படவில்லை. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இல்தான். கொர்னீலியா தம் பட்டத்தைப் பெற்றது 1922இல். தேர்வுக்கும் பட்டத்திற்கும் இடையில் முப்பது ஆண்டுகள் கழிந்தன.

3. ‘வேறு எந்த ஆளும்’: 1896

1893இல் நாடு திரும்பிய அவருக்கு வழக்காடும் உரிமை இல்லை. பதிவு பெற்ற வழக்குரைஞராவதற்குரிய வழிகள் யாவும் அடைபட்டிருந்தன. இந்நிலையில் அவருக்கு இடமளித்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த ஒரு வரையறை. ‘வழக்குரைஞர்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும் அப்பகுதி, முறைப்படி உரிமம் பெற்றோரைக் குறித்தபின், நீதிமன்றத்தின் இசைவோடு அவ்வழக்கில் செயற்பட அமர்த்தப்படும் வேறு எந்த ஆளையும் அச்சொல் உள்ளடக்கும் என விரிந்தது. இதன்வழி 1896இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் எதிரித் தரப்பில் அவர் தோன்றி வாதாடினார்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. இவ்வரையறையை எழுதியோர் பெண்ணை மனத்திற் கொண்டு எழுதினர் எனக் கொள்வதற்குச் சான்றில்லை. ஆனால் வாசகம் பெண்ணை விலக்கவுமில்லை. நீதிமன்றம் வாசகத்தின் இயல்பான பொருளை ஏற்றது, அவ்வளவே. ஆயினும் இவ்வுரிமை ஒரு வழக்கோடு நின்றது. அடுத்த வழக்கில் அடுத்த நீதிமன்றத்தின் இசைவை நாட வேண்டும். நிலையான உரிமையை வேண்டி அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. தேர்விலும், பின்னர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் தேர்விலும் தேறினார். தகுதி கூடிக்கொண்டே சென்றது, பதிவு கிட்டவில்லை.

4. திரைக்கு அப்பாலும் இப்பாலும்

அவரது பணியின் மையம் ‘பர்தாநஷீன்’ எனப்பட்ட பெண்கள். ‘திரை’, ‘அமர்ந்திருப்பவர்’ என்னும் பொருளுடைய இரு பாரசீகச் சொற்கள் இணைந்த தொகைச்சொல் இது. இப்பெண்களுள் பலர் பெருநிலங்களுக்கு உரிமையுடையோர். ஆயினும் உறவினரல்லாத ஆடவர் முன் தோன்றுதல் கூடாது. வழக்குரைஞரோ அனைவரும் ஆடவர். எனவே சொத்துரிமை சட்டத்தில் இருந்தது. அவ்வுரிமையைப் பேசும் வழி இல்லை. செய்தி ஒரு காரியஸ்தர் வாயிலாகவோ உறவினர் வாயிலாகவோதான் வெளியே செல்லும். அவ்விடையாளின் நலன் அப்பெண்ணின் நலனுக்கு எதிரானதாக இருப்பின், அவர் சொன்னது ஒன்றாகவும் நீதிமன்றத்தை அடைந்தது வேறாகவும் இருக்கும்.

இவ்விடர்ப்பாட்டைச் சட்டமும் அறிந்திருந்தது. பர்தாநஷீன் ஒருவர் கையெழுத்திட்ட ஆவணத்தை ஆதாரமாகக் கொண்டு உரிமை கோருபவர், அதன் பொருளை அப்பெண் உண்மையாகவே விளங்கிக்கொண்டார் என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்பது பிரிவி கவுன்சில் தீர்ப்புகளால் நிலைபெற்ற நெறி. ஆவணம் அவர்முன் படிக்கப்பட்டது என்பது மட்டும் போதாது. அது விளக்கப்பட்டு அவர் அறிவோடு இசைந்திருத்தல் வேண்டும். மொழியியலார்க்கு இந்நெறி ஆர்வமூட்டுவதாகும். ஒலி செவியை அடைவது வேறு, பொருள் மனத்தை அடைவது வேறு என்னும் வேறுபாட்டை இங்குச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் விளக்குபவர் யார்? 1902 முதல் கொர்னீலியா அரசிடம் வலியுறுத்தியது இதனையே. பெண்களுக்கும் சிறார்க்கும் ஒரு பெண்ணே சட்ட ஆலோசகராக அமைய வேண்டும் என்றார். 1904இல் வங்காளத்தின் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ துறையில் நியமனம் பெற்றார். உரிமையாளர் சிறாராகவோ, நிருவகிக்க இயலாதவராகக் கருதப்பட்ட பெண்ணாகவோ இருப்பின் அவர்தம் ஜமீன்களை அரசு சார்பில் மேற்பார்வையிட்ட அமைப்பு இது. வங்காளம், பீகார், ஒரிசா, அஸ்ஸாம் ஆகிய பகுதிகளில் அவர் பணி பரவியது. அந்தப்புரங்களில் நேரே சென்றமர்ந்து, குடும்ப மொழியில் கூறப்பட்டதைச் சட்ட மொழிக்கு மாற்றினார்; சட்டம் கூறுவதை வீட்டு மொழியில் எடுத்துரைத்தார். 1922இல் ஓய்வு பெறும்வரை 600க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் சிறார்க்கும் உதவினார் எனக் கணக்கிடப்படுகிறது. பணியின் சாரம் வழக்காடுதலைவிட மொழிபெயர்ப்புக்கு அணுக்கமானது எனலாம்.

5. நீதிமன்றங்களின் பொருள்கோள்

கொர்னீலியா வங்காளத்தில் பணியாற்றிய காலத்திலேயே ‘பர்சன்’ என்னும் சொல் அங்கு நேரடியாக ஆராயப்பட்டது. சட்டப் பட்டம் பெற்ற ரெஜினா குஹா, தம்மை வழக்குரைஞராகப் பதிவு செய்யக் கோரினார். 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழில்புரிவோர் சட்டம் தகுதியுடைய ‘ஆட்களை’ப் பற்றியே பேசுகிறது. ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும் எனக் கூறும் பொதுவிதி 1868ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. எனினும் அவ்விதி, சூழல் அதற்கு முரணாகாதவிடத்து மட்டுமே செல்லும். 1879இல் பெண் வழக்குரைஞர் என்போர் இலர். ஆகவே சட்டம் இயற்றியோர் கருத்தில் அவர்கள் இருந்திருக்க இயலாது. ஆகவே ‘ஆள்’ என்பது பெண்ணைக் குறியாது எனப் பொருள் கொள்ளப்பட்டது. இங்கிலாந்தில் பெப் என்னும் பெண் சொலிசிட்டர் தேர்வு எழுத இசைவு கோரியபோது, 1913இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் இவ்வாறே தீர்த்திருந்தது.

1921இல் இருவேறு முடிவுகள் தோன்றின. அலகாபாத் உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் கொர்னீலியாவைப் பதிவு செய்தது. சுதான்சுபாலா ஹாஸ்ரா செய்த கோரிக்கையைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓர் எல்லையைக் கடந்தால் ஒரு பெண் வழக்குரைஞராகத் தகுதி பெறுவார், திரும்பினால் இழப்பார். இக்குழப்பத்தை 1923ஆம் ஆண்டின் சட்டத் தொழில்புரிவோர் (பெண்கள்) சட்டம் நீக்கியது. அச்சட்டம் ‘ஆள்’ என்னும் சொல்லுக்குப் புதுப்பொருள் கூற முற்படவில்லை. பெண்ணைப் பெண் என்றே பெயர் சுட்டி, பால் ஒன்றையே காரணமாகக் கொண்டு எப்பெண்ணும் தகுதியிழக்கலாகாது என்றது. கனடாவில் இதே சொல் பற்றி எழுந்த வழக்கில், பெண்ணும் ‘ஆள்’ என்பதுள் அடங்குவாள் எனப் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1929 அக்டோபர் 18 அன்று.

6. தமிழும் பிற இந்திய மொழிகளும்

இவ்வழக்குகள் யாவும் ஆங்கில வாசகத்தின்மேல் நடந்தவை. ஆங்கிலத்தில் ‘பர்சன்’ பால் காட்டாத பெயர். அதனைச் சுட்டிவரும் பிரதிப்பெயரோ ஆண்பால். ஆண்பால் பெண்பாலையும் உள்ளடக்கும் என விதி வகுக்க வேண்டிய தேவை இதனாலேயே எழுந்தது. ரெஜினா குஹாவின் வழக்கு நடந்த மண்ணின் மொழியாகிய வங்காளத்தில் படர்க்கைப் பிரதிப்பெயர் பால் காட்டுவதில்லை, வினைமுற்றும் காட்டுவதில்லை. 1837 வரை நீதிமன்ற மொழியாக இருந்த பாரசீகத்திலும் இதுவே நிலை. அம்மொழிகளில் சட்டம் எழுதப்பட்டிருப்பின் பிரதிப்பெயர் பற்றிய வினாவே எழுந்திராது.

தமிழ் இவ்விரண்டிற்கும் வேறானது. இங்குப் பால் பிரதிப்பெயரோடு நில்லாது வினைமுற்றிலும் விகுதியாக வெளிப்படும். ‘யாதொருவன் செய்தானாயின்’ எனப் பழைய சட்டநடையில் எழுதினால் எழுவாய், பயனிலை இரண்டும் ஆணையே சுட்டும். ‘ஆள்’ என்னும் பெயர் பாற்பொதுவாயினும், அடுத்துவரும் வினை மொழிபெயர்ப்பாளரைத் தெரிவு செய்ய வைக்கும். இத்தெரிவுக்கு வழி தமிழிலேயே உண்டு. ‘ஒருவர்’ என்னும் சொல் ஆண், பெண் என்னும் இரு பாலுக்கும் உரியது எனத் தொல்காப்பியம் தனித்து விதந்தோதுகிறது. அது பன்மை வினை கொண்டு முடியும் என்பதை நன்னூல் கூறும். ‘எவரொருவர்’, ‘அவர்’ என அமையும் இன்றைய சட்டத்தமிழ் இப்பழைய இலக்கண வழியில் நிற்பதாகும்.

ஆயினும் இதில் இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, பாற்பொதுச் சொல் தன்னளவில் காப்பாகாது. ‘பர்சன்’ என்பதும் பாற்பொதுச் சொல்லே. அதனைப் பாற்பொதுவாகப் படிக்க மறுத்ததே நீதிமன்றங்கள் செய்தது. ‘ஒருவர்’ என எழுதினாலும், படிப்பவர் மனத்தில் ஆண் ஒருவரே தோன்றுவாராயின் இலக்கணம் அதனைத் தடுக்கமாட்டாது. இரண்டாவது, பழைய சட்டத்தையோ தீர்ப்பையோ இன்று மொழிபெயர்ப்பவர், ஆங்கில ஆண்பாற் பிரதிப்பெயரை எங்கும் ‘அவர்’ என மாற்றிவிடின் வழக்கே மறைந்துவிடும். எதனைப் பற்றி வாதிட்டனர் என்பது வாசகர்க்குப் புலப்படாது. நடைமுறையிலுள்ள சட்டத்திற்கு ‘அவர்’ தக்கது. பழந்தீர்ப்பின் மொழிபெயர்ப்புக்கு ‘அவன்’ இன்றியமையாததாகலாம். நோக்கம் நோக்கித் தெரிவு அமைய வேண்டும்.

7. முடிவுரை

பதிவுரிமை பெற்றபின் கொர்னீலியாவின் தொழில் செழித்ததா எனின், இல்லை. லண்டன் லிங்கன்ஸ் இன் வழியாகப் பாரிஸ்டராகி 1924 முதல் கல்கத்தாவில் தொழில் நடத்தினார். உடன் தொழில்புரிந்த ஆடவர்தம் மனப்பாங்கால், வழக்குகளில் தோன்றுவதைவிட எழுத்துவழிக் கருத்துரைகள் வழங்குவதே அவர் பணியாகச் சுருங்கியது. 1929இல் தொழிலைவிட்டு லண்டனில் குடியேறினார்.

அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் பிரிட்டிஷ் ஆட்சியை உறுதியாக ஆதரித்தவர். காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தவர். கேதரின் மேயோ 1927இல் வெளியிட்ட ‘மதர் இந்தியா’ என்னும் நூல் நாடெங்கும் கண்டனத்திற்குள்ளானபோதும் அதற்கு ஆதரவாக நின்றார். பெண்ணுரிமை இயக்கத்தினர் பலர் இதனால் அவரிடமிருந்து விலகினர். அந்தப்புரப் பெண்களின் சொல்லை நீதிமன்றம் கேட்க வேண்டும் என வாழ்நாள் முழுதும் உழைத்தவர், தம் நாட்டு மக்கள் தன்னாட்சி கேட்ட சொல்லுக்குச் செவி சாய்க்கவில்லை. இம்முரண்பாட்டை மறைக்க வேண்டுவதில்லை. அதனால் அவர் ஆற்றிய பணி குறைந்துவிடுவதுமில்லை. 1954 ஜூலை 6 அன்று லண்டனில் அவர் மறைந்தார். 2012இல் லிங்கன்ஸ் இன்னில் அவரது மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது.

இக்கட்டுரையில் கண்டவற்றை இவ்வாறு தொகுக்கலாம். 1896இல் புனே நீதிமன்றத்திலும் 1916இல் கல்கத்தா நீதிமன்றத்திலும் இருந்த சொல் ஒன்றே. முன்னதில் அது பெண்ணை உட்கொண்டது, பின்னதில் விலக்கியது. வேறுபட்டது சொல் அன்று. பொருள்கொள்வோர் தம் முன்கருத்து. எனவே சட்ட மொழிபெயர்ப்பாளர் பாற்பொதுச் சொல்லைத் தெரிவதோடு தம் கடமை முடிந்தது எனக் கருதலாகாது. சொல் எவரை உள்ளடக்கக் கருதப்படுகிறதோ அவரைப் பெயர் சுட்ட வேண்டிய இடம் எது, பொதுச்சொல்லே போதிய இடம் எது என்பதையும் அவர் ஆய்ந்தறிதல் வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் ‘பெண்’ என்னும் சொல்லை எழுதியபின்னரே ‘ஆள்’ என்னும் சொல் இந்திய வழக்குமன்றங்களில் தன் முழுப் பொருளை எய்தியது.