தன்னடக்கத்தின் சமூக மூலம்: ஓர் உளவியற் கருத்தின் வரலாறு

உந்துதலைத் தடுத்தல், சொல்லப்பட்டதை மனத்திலிருத்தல், சூழலுக்கேற்பச் செயலை மாற்றல் ஆகிய ஆற்றல்களை உளவியலாளர் நிறைவேற்றுத் தொழிற்பாடுகள் என ஒருங்கே வழங்குவர். 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் இவை விரைந்து வளர்கின்றன. இவ்வளர்ச்சி தனிமனிதனுள் தானே முகிழ்ப்பதா, சமூக உறவில் உருவாவதா என்பதே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நிகழும் விவாதத்தின் சாரமாகும்.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கியின் விடை தெளிவானது. முதலிற் பெரியோர் சொல்லாற் குழந்தையை நெறிப்படுத்துகின்றனர். பின்னர் அச்சொல்லைக் குழந்தை தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்கிறது. ஈற்றில் அது ஓசையற்ற அகப்பேச்சாகிறது. அவர் 1934இல் தமது 37ஆவது வயதிற் காசநோயால் மறைந்தார். 1936ஆம் ஆண்டுக் கட்சித் தீர்மானத்தையடுத்து அவருடைய நூல்கள் இருபது ஆண்டுகள் முடக்கப்பட்டன. மனத்தின் சமூக மூலத்தை வலியுறுத்திய ஆய்வைச் சோசலிச அரசே முடக்கிய இம்முரணை முற்போக்காளர் மழுப்பிச் செல்லலாகாது.

1950களில் அவருடைய சகாவான அலெக்சாந்தர் லூரியா இக்கருத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார். பிள்ளையின் கையில் ஓர் இறப்பர்க் குமிழ். விளக்கு ஒளிர்ந்ததும் அதனை அழுத்தவேண்டும். 2 வயதுப் பிள்ளை கட்டளையைக் கேட்டவுடனேயே அழுத்திவிடும். 3 வயதைத் தாண்டிய பிள்ளை ஒவ்வோர் ஒளிக்கும் “அழுத்து” எனத் தானே கூறினாற் செயல் ஒழுங்குபடும். ஆயின் குறித்தவோர் ஒளிக்கு “அழுத்தாதே” என்று கூறச்செய்தால், அவ்வாறு கூறிக்கொண்டே அழுத்தும்! அப்பருவத்திற் செயற்படுவது சொல்லின் பொருளன்று, அதன் உந்துதலே என லூரியா விளக்கினார். ஏறத்தாழ 5 வயதிலேயே பொருள் ஆட்சி பெறுகிறது. மேற்குலகில் நிகழ்ந்த மீள்பரிசோதனைகள் சில இதே விளைவைத் தரவில்லை. எனினும் அவர் எழுப்பிய வினா நிலைத்தது.

அமெரிக்காவில் ஆய்வு வேறு திசையிற் சென்றது. 1960களின் பிற்பகுதி தொட்டு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் வோல்ரர் மிஷெல் பிள்ளைகள் முன் இனிப்பொன்றை வைத்தார். பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுத்திருந்தோர் பின்னர் கல்வியிற் சிறந்தனர் என்ற 1990ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, வறுமையைத் தன்னடக்கமின்மையின் விளைவாகக் காட்ட விரும்பியோருக்கு வாய்ப்பாயிற்று. அப்பிள்ளைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சமூகத்தைச் சேர்ந்தோர் என்பது மறக்கப்பட்டது. 2018இல் வோட்ஸ், டங்கன், குவான் ஆகியோர் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்தனர். குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கணக்கிற் கொண்டதும், கல்வித் தேர்ச்சியுடன் காணப்பட்ட தொடர்பு மூன்றிலொரு பங்காகச் சுருங்கிற்று.

றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 28 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்றும் மனங்கொள்ளத்தக்கது. பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதை முன்னர் கண்டிருந்த பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் பொறுத்திருந்தனர். வாக்குத் தவறியதைக் கண்டிருந்தோர் 3 நிமிடமே பொறுத்திருந்தனர்.