ஒரு ஃபைலுக்குள் ஐந்நூறு வருஷம்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டுக்கு ஆவணம் தயார் செய்கிறவர்களும் சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தங்கச்சியின் கணவர் ஒரு தடித்த ஃபைலோடு வந்தார். கட்டாரில் எட்டு வருஷம் குவான்டிட்டி சேர்வேயராக இருந்தவர். இப்போது குடும்பத்தோடு கனடாவுக்குத் திறமைசார் தொழிலாளராக விண்ணப்பிக்கிறார். தாள்களை மேசையில் பரப்பினோம். பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது'. நிக்காஹ் பதிவில் 'மொஹமட்'. ஆங்கிலத்தில், கடவுச்சீட்டில் நடுவில் ஒரு 'எம்', ஓ.எல். சான்றிதழில் இரண்டு. எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடிக்கும்படி சட்டத்தரணி சொல்லியிருக்கிறார்.

"நான்தான் நான் என்று நானே சத்தியம் செய்யணுமா மச்சான்?" என்று சிரித்தார்.

வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தானே வரும்?

முதல் தாளையே எடுப்போம். பிறப்புச் சான்றிதழில் 'இனம்' என்ற இடத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் 'மூர்' என்று எழுதியிருந்தார். அது நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. 1505இல் இங்கே வந்த போர்த்துக்கேயர், தங்கள் ஊர்ப் பக்கம் வட ஆபிரிக்க முஸ்லிம்களைக் கூப்பிட்ட பெயரைக் கொண்டுவந்து நம்மீதும் ஒட்டினார்கள். அந்தப் பெயரோடுதான் இன்று கனடா அதிகாரியின் மேசைக்குப் போகிறோம்.

எழுதி வைக்கும் பழக்கத்தையும் அவர்கள் பெரிதாக்கினார்கள். 'தோம்பு' என்பது போர்த்துக்கேயச் சொல். லிஸ்பனில் உள்ள அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. பின்னால் வந்த ஒல்லாந்தர் அதை விரிவாக்கி, காணிக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு என்று வைத்தார்கள். எந்தக் காணி யாருடையது, அந்த வீட்டில் யார் யார், யார் என்ன வரி கட்ட வேண்டும், யார் என்ன சேவை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்தது. நம்மவர்களை அவர்கள் அந்நியராகக் கணக்கெடுத்து ஊழியம் சுமத்தினார்கள். செய்ய முடியாதவர் அதற்குப் பதிலாகப் பணம் கட்டினார். ஆக, நம் பெயர்களை எழுதியது நமக்கு உரிமை தர அல்ல, நம்மிடம் எடுக்க.

நாம் சொல்லும் 'நொத்தாரிசு'வும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்தான். அதற்கு இன்றைய கனத்தைக் கொடுத்தது பிரித்தானியர் 1840இல் கொண்டுவந்த 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணி விற்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னால், குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் நிற்கக் கையொப்பம் வைக்க வேண்டும். இன்றும் அதே சட்டம்தான். இது நமக்குப் புதிதும் அல்ல. குர்ஆனில் மிக நீளமான வசனம், சூரா பகராவின் 282ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அங்கேயும் நீதியாக எழுதும் ஓர் எழுத்தர், அங்கேயும் சாட்சிகள்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. முத்திரை குத்தியவுடன் தாளில் உள்ளது உண்மையாகிவிடும் என்று நினைக்கிறார்கள். பிரதியை அத்தாட்சிப்படுத்துகிறவர், 'மூலத்தைப் பார்த்தேன், இது அதன் பிரதி' என்றுதான் சொல்கிறார். சத்தியக் கடதாசியை ஏற்கும் சமாதான நீதவானோ சத்தியப்பிரமாண ஆணையாளரோ, 'இவர் என் முன்னால் சத்தியம் செய்து ஒப்பமிட்டார்' என்றுதான் சொல்கிறார். மூலத்தில் பிழை இருந்தால், அந்தப் பிழைக்கும் சேர்த்துத்தான் முத்திரை.

அப்படியானால் மூலத்தில் பிழை எப்படி வந்தது?

1867இல் பிறப்பு, இறப்புப் பதிவு சட்டமாக வந்தது. பிள்ளை பிறந்ததும் வாப்பாவோ உறவினரோ பதிவாளரிடம் போய் வாயால் சொல்வார். பதிவாளர் தன் காதில் விழுந்ததைத் தன் மொழியில் எழுதுவார். அரபுப் பெயர், தமிழ் வாய், சில நேரம் சிங்களப் பேனா. பிறகு 1972 முதல் அடையாள அட்டை வந்தபோது இன்னொரு அலுவலகம், இன்னொரு காது.

அதே சான்றிதழில் 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா?' என்றும் ஓர் இடம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, பதியவில்லை என்பதற்காக ஒரு நிக்காஹ் செல்லாமல் போகாது. அதை நம்பிப் பதியாமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. மார்க்கத்தில் கணவன் மனைவிதான். ஆனால் விசா அதிகாரி கேட்பது தாளை. தங்கச்சியின் நிக்காஹ் பதிவைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் ஒப்பம் இருக்கிறது, வலியாக எங்கள் வாப்பாவின் ஒப்பம் இருக்கிறது. அவளுடையதற்கு இடமே இல்லை. அவளும் அதை அன்றுதான் கவனித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

தாளின் பெறுமதி தாள் இல்லாதவருக்குத்தான் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்டது சில மணி நேரம். உடுத்த உடுப்போடு புத்தளம் வந்து சேர்ந்தவர்களுக்குக் காணி உறுதி எங்கே, பிறப்புப் பதிவு எங்கே? பிறப்புப் பதிவைக் கண்டுபிடிக்க முடியாதவருக்கு நம் நாட்டில் கிடைப்பது 'உத்தேச வயதுச் சான்றிதழ்'. அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதனின் வயதே உத்தேசம்.

"நாநா, நீங்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தாங்களேன்" என்றாள் தங்கச்சி. கனடா விதிப்படி விண்ணப்பதாரரின் குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது. நான் அவள் கூடப்பிறந்தவன். எனவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான். மச்சானுக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் எல்லாத் தாள்களிலும் உள்ள பெயரை வரிசையாக எழுதி ஒப்பிடுங்கள். திருத்தக்கூடியதை உரிய அலுவலகத்தில் திருத்துங்கள். மிஞ்சியதற்கு மட்டும் சத்தியக் கடதாசி. மொழிபெயர்ப்பும் முத்திரையும் கடைசியில்தான்.

இரவு அவர் போன பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஓ.எல். சான்றிதழில் அந்த இரண்டு 'எம்' எங்கிருந்து வந்தது? பாடசாலையில் விண்ணப்பம் நிரப்பிய ஓர் ஆசிரியரின் பேனாவிலிருந்து வந்திருக்கலாம். அந்த வேலையை இன்று நான் செய்கிறேன். சேர்வு இடாப்பிலும் பரீட்சை விண்ணப்பத்திலும் எத்தனை பிள்ளைகளின் பெயரை, பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல், எனக்குப் பழகிய எழுத்தில் எழுதியிருப்பேன்? தோம்பு எழுதியவனைக் குறை சொல்கிற நானும் ஒரு தோம்பு எழுத்தன்தான்.

சக ஆசிரியர்களே, அடுத்த முறை பேனாவை எடுக்க முன் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். எழுதியதைப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் காட்டுங்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை 'நான்தான் நான்' என்று சத்தியம் செய்ய வேண்டி வரக்கூடாது.

மச்சானின் பயணம் லேசாக துஆ செய்யுங்கள்.